மேட்டு மண்

மணலைப் பார்க்கக் கட்டட வேலையில் மிகப் பழைய சோதனை ஒன்று உண்டு. அளவுக் குடுவையில் 50 மில்லி வரை உப்புத் தண்ணீர். அதில் 100 மில்லி கோடு வரும்வரை மணல். மறுபடி உப்புத் தண்ணீர், 150 வரை. உள்ளங்கையால் வாயை மூடி நன்றாகக் குலுக்கி, ஆடாத இடத்தில் 3 மணி நேரம் வைத்துவிட வேண்டும். மணல் உடனே கீழே போய்விடும். வண்டல் அதன்மேல் மெல்லிய படலமாகப் படியும். படலத்தின் கனத்தைப் பார்த்து லாரியை இறக்கச் சொல்வதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்யலாம்.

ஆற்று மணலில் இந்த இரண்டு அடுக்குதான். நெய்வேலிப் பக்கத்து மண்மேட்டு மணலை முதன்முறை குலுக்கி வைத்தபோது நடுவில் மூன்றாவதாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கொஞ்சம் பொடி, கீழே இறங்க மனமில்லாமல், மிளகுத்தூள் மாதிரி கண்ணாடியை ஒட்டி மேலேயே மிதந்தது.

"தம்பி, அது கரிப்பொடி," என்றார் என் மேலாளர். "எத்தனை சதவீதம்னு எழுது. பார்க்க எப்படி இருந்துச்சுன்னெல்லாம் குறிப்புல எழுதக் கூடாது." நான் உண்மையிலேயே அப்படி ஏதோ எழுதி வைத்திருந்தேன்.

அது 1997. கடலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடம். மண், மணல், செங்கல், கான்கிரீட் க்யூப் என்று கட்டட வேலைக்கு வேண்டியதையெல்லாம் சோதித்துச் சீட்டுக் கொடுப்போம். வேதியியலில் பட்டம் வாங்கியவன் கரண்டியும் சல்லடையுமாக நிற்பதில் ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. மேட்டு மண் வரத் தொடங்கியதும் அந்த வருத்தம் போய்விட்டது. ஆற்று மணலில் இல்லாத வேதியியல் அதில் இருந்தது.

கரிப்பொடிக்குச் சட்டமே உண்டு. கான்கிரீட்டுக்குப் போகும் மணலில் நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 383 தரக் குறிப்பு. அளப்பதற்கு, தண்ணீரைப்போல் இரு மடங்கு கனமுள்ள திரவம் ஒன்றைத் தயாரித்து மணலை அதில் கொட்ட வேண்டும். மணல் மூழ்கும், கரி மிதக்கும். மிதப்பதைச் சல்லடைக் கரண்டியால் வழித்து, உலர்த்தி, எடை போட வேண்டும். பழைய முறைப்படி கலக்கும் திரவத்தின் நெடி மூக்கைத் துளைக்கும். பிறகு துத்தநாக குளோரைடு கரைசலுக்கு மாறினோம். அதில் நெடி இல்லை, ஆனால் விரல் நுனியெல்லாம் வெடித்தது. இவ்வளவு பாடுபட்டு ஏன் கரியைத் தேடுகிறோம் என்று கேட்கும் மேஸ்திரிகளைச் சுண்ணாம்படித்த ஒரு சுவருக்கு அழைத்துப்போய்க் காட்டுவேன். பூச்சுக்குள் இருந்த கரித்துணுக்கு ஈரத்தைக் குடித்துக் குடித்து, வெள்ளைச் சுவரில் பழுப்புப் பொட்டாகக் கசிந்திருக்கும்.

மண்மேடு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக ஏதோ வந்ததில்தான் நெய்வேலியின் கதை தொடங்குகிறது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவே 4 ஆண்டுகளுக்கு மேல் வெட்டியதெல்லாம் மண். அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஏறத்தாழ 5 முதல் 7 கன மீட்டர் மேல்மண்ணை நீக்க வேண்டும். ஒரு டன் கரிக்கு முக்கால் டிப்பர் மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் வெட்டும் ஊர் அது. மண் 10 கோடி கன மீட்டரைத் தாண்டும். அங்கே உற்பத்தியாவது மண், கரி அதன் துணைப்பொருள் என்று எங்கள் கூடத்தில் ஒரு கேலி உண்டு.

இந்த மண் ஒரே மண் அல்ல. நான் 26 வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். சுரங்க விளிம்பில் நின்று பார்த்தால் எவருக்கும் தெரியும். மேலே செம்மண், முந்திரி விளைகிற அதே செம்மண். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாகக் கடலூர் மணற்பாறை. ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களை ஆரம்ப நாளில் தேய்த்துத் தீர்த்தது இந்தப் பாறைதான். ஊடே வெள்ளைக் களிமண் பட்டைகள். இன்னும் கீழே சாம்பல் நிறம். கரியைத் தொடுமிடத்தில் கரும்பழுப்பு, கையில் எடுத்தால் சோப்புப் போல வழுக்கும். படிபடியாக வெட்டிய சுரங்கத்தில் ஒவ்வொரு படிக்கும், அதாவது பெஞ்சுக்கும், தனி கன்வேயர் பெல்ட் இருந்தாலும், ஒரே பெஞ்சின் உயரத்துக்குள் மூன்று நான்கு மண் இருக்கும். பெல்ட்டில் ஏறி, மண்ணைக் கொட்டும் ஸ்ப்ரெடர் இயந்திரத்தின் நுனியிலிருந்து விழும்போது எல்லாம் ஒரே மேடு. மழை பெய்து ஒரு வருடம் ஆனால் மேல்தோல் ஒரே நிறமாகிவிடும். பார்க்கிறவர்கள் அதை நம்பிவிடுவார்கள்.

வெள்ளைக் களிமண்ணைப் பொறுத்தவரை மறுபயன்பாடு புதிதல்ல. விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளுக்கு நெய்வேலிக் களிமண் எத்தனையோ காலமாகப் போகிறது. டீக்கடைப் பீங்கான் கோப்பை, ஃபியூஸ் கேரியர், கொலுப் பொம்மை என்று நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது சுரங்கக் கழிவு. அது கெட்டுப்போனதாக எந்தப் புகாரும் எங்களுக்கு வந்ததில்லை. காரணம் எளிது. அவர்கள் வேண்டிய பட்டையை மட்டும் எடுத்தார்கள், மேட்டை அள்ளவில்லை.

மேட்டை அள்ளியதில் என் கையெழுத்தும் ஒன்று இருக்கிறது.

2001 என்று நினைவு. பேஸ்மட்டம் நிரப்ப மண் வேண்டும் என்று ஓர் ஒப்பந்ததாரர் சிமென்ட் சாக்கில் மாதிரி கொண்டுவந்தார். மேட்டு மண் என்றார். எந்த மேடு, எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. மஞ்சள் கலந்த மணல்மண், களி குறைவு, தண்ணீர் விட்டுத் தட்டினால் நன்றாக இறுகியது. நிரப்பத் தகுந்தது என்று எழுதிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு. மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் அவர் எங்கள் கூடத்து வாசலில் வந்து நின்றார். என் சீட்டைக் கண்ணாடி உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

"தம்பி, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்கய்யா."

"கூடத்துத் தரை தூக்கிக்கிட்டு நிக்குது. கதவு திறக்க முடியல. வந்து பாருங்க, சண்டை போட வரல."

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடுக்கூடத்தில் தரை இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி மேடாகியிருந்தது. டைல்ஸ் மூலைக்கு மூலை பிரிந்து, தட்டினால் டொக்கென்று வெற்றொலி. பெயர்த்தோம். கான்கிரீட்டின் அடிப்புறம் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கீழே நான் சான்று கொடுத்த மஞ்சள் மண் கொஞ்சம் இருந்தது. அதற்குள் கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி சாம்பல் நிறக் களிக்கட்டிகள். ஒன்றை உடைத்து வெயிலில் திருப்பினேன். உள்ளே ஊசி ஊசியாக ஏதோ மின்னியது. ஜிப்சம்.

கூடத்துக்கு எடுத்துவந்து தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு சொட்டு அமிலம், பிறகு பேரியம் குளோரைடு. சோதனைக்குழாய் வடித்த கஞ்சிபோல் வெளுத்தது. அவ்வளவும் சல்பேட்.

நடந்தது இதுதான். கரியை ஒட்டிய களிமண்ணில் பைரைட் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பூமிக்குள் பல கோடி வருடம் காற்றுப் படாமல் கிடந்தவரை அது ஒன்றும் செய்யவில்லை. வெளியே எடுத்துக் காற்றும் ஈரமும் காட்டினால் கந்தக அமிலமாக மாறத் தொடங்குகிறது. அமிலம் சிமென்டில் உள்ள சுண்ணாம்பைத் தேடிப் போகிறது. அங்கே உருவாகும் உப்புகள் முன்பைவிட அதிக இடம் கேட்கும், இடம் இல்லாவிட்டால் தரையைத் தூக்கும். களிமண்ணும் தன் பங்குக்கு ஈரத்தில் ஊதும். அந்த வீட்டில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆசிரியரிடம் அப்படியே சொன்னேன். "பரவாயில்ல, ரெண்டும் சேர்ந்துதான் தூக்கியிருக்கும்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

நான் சோதித்தது சாக்கை. வீட்டுக்குப் போனது 40 லோடு.

பிறகு படித்துப் பார்த்தால், இதே பாடத்தைப் பிரிட்டனில் எங்களுக்கு முன்னாலேயே கற்றிருக்கிறார்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடுகளில் மிச்சக் கரி தானாகவே பற்றி எரிந்து, கல் சிவந்து போகும். பார்க்கச் சுட்ட செங்கல் மாதிரி உறுதியாக இருக்கும் அந்தச் சிவப்புக் கல்லைச் சாலைக்கும் வீட்டுத் தரைக்கடியிலும் கொட்டினார்கள். சாலையில் நன்றாக உழைத்தது. வீட்டுத் தரைகளில் சல்பேட் ஏறிக் கான்கிரீட் மேடாகிப் பல வீடுகள் தரையைப் பெயர்க்க வேண்டிவந்தது. கல் ஒன்றுதான், போட்ட இடம்தான் வேறு.

தானாகப் பற்றுவது நம் ஊருக்கும் புதிதல்ல. பழுப்பு நிலக்கரித் தூள் கலந்த குவியலை நாள்கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே சூடேறும். மழை பெய்து விட்ட காலையில் குவியலிலிருந்து ஆவி வந்தால் அது ஆவிதானா என்று மூக்கை நீட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ஆவிக்கு மணமில்லை. புகைக்கு வெடி வெடித்த தெருவின் மணம் இருக்கும்.

தரை சம்பவத்துக்குப் பிறகு சாம்பல் மண் எது வந்தாலும் பெராக்சைடு சோதனை போட்டேன். பொடித்த மண்ணில் அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால், காற்று பல வருடம் செய்யும் வேலையை அது அரை நாளில் செய்துவிடும். பைரைட் இருந்தால் சோறு பொங்குவதுபோல் பொங்கி, பீக்கர் கை வைக்க முடியாமல் சுடும். ஆறியதும் பிஹெச் பார்க்க வேண்டும். 4.5க்குக் கீழே போனால் அந்த மண் அமிலம் விடக்கூடியது. முதல் வருடம் எதைப் போட்டாலும் பொங்கியது, எல்லாமே 3க்குக் கீழே. மேடு முழுவதும் விஷம் என்ற தோரணையில் நான் ஓர் அறிக்கையே தயார் செய்துவிட்டேன். மேலாளர் படித்துவிட்டு, கரி கலந்த மண்ணைப் பைரைட் இல்லாவிட்டாலும் பெராக்சைடு பொங்க வைக்குமே, அதில் பிறக்கும் கரிம அமிலங்களும் பிஹெச்சைக் குறைக்குமே, அதைக் கழித்தாயா என்று கேட்டார். கழிக்கவில்லை. கந்தகத்தைத் தனியாக அளந்து மறுபடி கணக்குப் போட்டபோது பாதிக்கு மேற்பட்ட மாதிரிகள் குற்றமற்றவை. ஆசிரியர் வீட்டுக்கு நல்ல மண் என்று சொன்னதும் தப்பு, இங்கே கெட்ட மண் என்று சொல்லவிருந்ததும் தப்பு. இரண்டும் ஒரே கையின் தப்பு.

கணக்கு இதுதான். மண்ணில் கந்தகம் 1 சதவீதம் இருந்தால், அது முழுவதும் அமிலமானால், ஒரு டன் மண்ணுக்கு 31.25 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும் அதைத் தணிக்க. மண்ணிலேயே அவ்வளவு சுண்ணாம்பு இருந்துவிட்டால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் அமிலம் வெளியே ஓடும், போகும் வழியில் பாறையிலுள்ள மாங்கனீசு, நிக்கல், அலுமினியம் போன்றவற்றைக் கரைத்துக் கூட்டிக்கொண்டு போகும். இந்தியாவின் பெரும்பாலான நிலக்கரியில் கந்தகம் குறைவு. அது நம் அதிர்ஷ்டம். வடகிழக்கில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேகாலயாவின் ஜெயந்தியா மலையில் லூகா ஆறு குளிர்காலத்தில் நீலமாகி, மீன் செத்து மிதப்பது 2007 முதல் செய்தியாகி வருகிறது. கரிச்சுரங்கங்களிலிருந்து வடியும் அமிலத்தை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

மேட்டு மண்ணை மறுபடி பயன்படுத்து என்று எல்லோரும் இப்போது சொல்கிறார்கள். நானும் வேண்டாம் என்பவன் அல்ல. கொள்ளிடத்தையும் தென்பெண்ணையையும் சுரண்டி என்ன ஆயிற்று என்று பார்த்த ஊர்க்காரன் நான். நாக்பூருக்கு அருகே பானேகாவ் சுரங்கத்தில் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் மேல்மண்ணைக் கழுவி மணல் பிரித்து, ஏழைகளுக்கான வீடுகளுக்குக் கொடுத்தது. நெய்வேலி 1ஏ சுரங்கத்திலும் மேல்மண்ணிலிருந்து எம்-சாண்ட் எடுக்கும் ஆலை வந்துவிட்டது. பெஞ்சிலேயே மண்ணைப் பிரித்து, பாறையை மட்டும் உடைத்து, நன்றாகக் கழுவினால் கிடைப்பது நல்ல மணல். நானே கையெழுத்துப் போடுவேன், இந்த முறை லோடைப் பார்த்துவிட்டு.

என் கேள்வி கழுவிய தண்ணீரைப் பற்றியது. எங்கள் கூடத்தில் 10 கிலோ மேட்டு மண்ணைக் கழுவிப் பார்ப்போம். சில சாக்குகளில் கால் பங்குக்கு மேல் சேறாகவே போகும். நல்ல தண்ணீரில் குலுக்கி அளவுக் குடுவையில் வைத்தால் மூன்று நாளானாலும் அது படியாது, பால் மாதிரியே நிற்கும். உப்போ படிகாரமோ போட்டால்தான் கீழே இறங்கும். பைரைட்டின் நுண்துகளும் கரித்தூளும் உலோகங்களும் சேர்ந்திருப்பது பெரும்பாலும் இந்தச் சேற்றில்தான். மணலுக்கு விலை உண்டு, லாரி வரிசையில் நிற்கும். சேற்றுக்கு யாரும் வருவதில்லை. குட்டையில் விட்டால், குட்டை நிரம்பினால், மழையில் கரை உடைந்தால், அது எங்கே போகும் என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுரங்க நீரோடு வந்த வண்டல் பரவனாறு வழியே போய் வாலாஜா ஏரியைத் தூர்த்ததையும், அதைப் பிறகு தூர்வாரியதையும் பார்த்தவர்கள் நாங்கள்.

எடுக்கும் இடமும் முக்கியம். மேட்டின் அடிவாரம் லாரிக்கு வசதி, அங்கேயே பொக்லைனை நிறுத்தி அள்ளிவிடலாம். மேட்டைத் தாங்கி நிற்பதே அந்த அடிவாரம்தான். வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் 1966 அக்டோபர் 21 காலையில், நீரூற்றின் மேலேயே கொட்டி வைத்திருந்த கழிவு மேடு குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். நம் நாட்டில் 2016 டிசம்பர் 29 இரவு ஜார்க்கண்டின் ராஜ்மகால் சுரங்கத்தில் மேல்மண் மேடு சரிந்து 23 தொழிலாளர்கள் புதைந்தார்கள். இரண்டு இடத்திலும் அடியில் தோண்டியது காரணம் என்று நான் சொல்லவில்லை. மேடு என்பது கொட்டிவிட்டு மறந்துபோகிற பொருள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டி நிழலுக்கு உட்கார்ந்து சாப்பிடும் ஆட்களை இரண்டு முறை எழுப்பிவிட்டிருக்கிறேன். ஒருமுறை திட்டு வாங்கினேன்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் பேசிக் கேட்டதில்லை. மேல்மண்ணின் முதல் வாடிக்கையாளர் சுரங்கக் குழிதான். கரி எடுத்து முடித்த இடத்தை அந்த மண்ணால்தான் நிரப்பி, மேலே நல்ல மண் பரப்பி, எருவிட்டு, மரம் நட வேண்டும். எம்-சாண்ட் ஆலைகளுக்கு ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் போகலாம். மொத்த மண்ணில் அது ஆனைக்குப் போடும் அரிசிப் பொரி. அதைக் காட்டிக் கழிவுப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே பரப்ப வேண்டிய செம்மண் நல்ல விலைக்குப் போய், கரும்பழுப்புக் களி மேலே மிஞ்சினால் அங்கே முந்திரிக் கன்றும் பிடிக்காது.

ஆசிரியர் வீட்டுத் தரையை முழுக்கப் பெயர்த்து, மண்ணை ஒரு முழத்துக்கு அள்ளி எறிந்து, கிராவல் போட்டு மறுபடி தளம் போட்டோம். செலவில் பாதியை எங்கள் கூடம் ஏற்றது. அந்தச் சீட்டை அவரிடம் கேட்டு வாங்கிவந்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன், ஓய்வு பெறும்வரை.

மேட்டு மண்ணோ, அதிலிருந்து எடுத்த மணலோ வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாக்கில் கொண்டுவந்து காட்டும் மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்காதீர்கள். லாரி வந்து வாசலில் நிற்கும்போது, மூன்றாவது லோடிலோ பத்தாவது லோடிலோ, நடுவில் கைவிட்டு, நீங்களே அள்ளிக் கொடுங்கள். சாம்பல் நிறக் கட்டி கையில் பட்டால் அதைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள்.